எபிகலெக்ட்5: குமரி மருத்துவமனை வார்டில் எவ்வளவு தூரம் உழைக்கும்?

தீசிஸ் (மேற்படிப்பு ஆய்வேடு) முடிக்க வேண்டிய பருவத்தில் ஒரு பிஜி (மேற்படிப்பு) டாக்டரின் மேசையைப் பார்த்தாலே ஆய்வின் நிலை தெரிந்துவிடும். ஒரு பக்கம் நோயாளி விவரம் நிரப்பும், நூல் கட்டிய ப்ரோஃபார்மா தாள்கள். பாதியில் ஹீமோகுளோபின் இல்லை, சிலவற்றில் கையெழுத்து எழுதியவருக்கே புரியவில்லை. இன்னொரு பக்கம் மூன்று பேர் திறந்து மூடிய ஒரு எக்செல் கோப்பு. அதில் 'ஆண்', 'எம்', 'மேல்' என்று ஒரே விவரம் மூன்று வடிவில் கிடக்கும். அதிலிருந்து எல்லா நோயாளியின் விவரமும் சேர்ந்த மாஸ்டர் சார்ட் உருவாக்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். ஓடுகிற மாதத்தைவிட, அந்த ஒரு மாதத்தில் 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று நிரப்பப்படும் எண்கள்தான் பெரிய கேடு.

இந்த இடத்தில்தான் எபிகலெக்ட்5 என்ற தரவு சேகரிக்கும் செயலி உதவிக்கு வருகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, குலசேகரம் தனியார் மருத்துவக் கல்லூரியோ, நெய்யூர், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து மிஷன் மருத்துவமனைகளோ, எங்கே வேலை பார்ப்பவரானாலும் ஒரு ரூபாய் செலவில்லாமல் பயன்படுத்தலாம். அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, கண், குழந்தைகள், தோல் என்று துறைக்குத் துறை இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இந்த மதிப்புரை.

2009-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வெளிவந்த எபிகலெக்ட்டின் வழிவந்த செயலி இது. இப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு பராமரிக்கிறது. கணினியில் இணையதளம் வழியாகப் படிவத்தை உருவாக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனிலோ ஐபோனிலோ செயலியை இறக்கி நோயாளியின் கட்டிலருகே நிரப்ப வேண்டும். நிரப்பும்போது நெட் தேவையில்லை. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து முகாம்களுக்கு மட்டுமல்ல, தடித்த சுவருள்ள பழைய வார்டுக் கட்டடங்களுக்கும் இது பெரிய வசதி. நெட் கிடைத்த இடத்தில் 'அப்லோட்' அழுத்தினால் போதும். அழுத்தினால்தான் போகும், தானாகப் போகாது. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

படிவம் கட்டும் நாள்

ஒரு படிவத்தில் 300 கேள்வி வரை வைக்கலாம். அவ்வளவும் கிடைக்கிறதே என்று வைத்துவிடக் கூடாது. ஓபி நேரத்தில் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும் படிவம் இரண்டாவது வாரத்திலேயே படுத்துவிடும். நல்ல தீசிஸுக்கு நாற்பதிலிருந்து அறுபது கேள்வி தாராளம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'இது எந்த அட்டவணையில் வரும்' என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள்.

முதல் கேள்வி ஒப்புதல் பற்றியதாக இருக்கட்டும்: 'ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாயிற்றா?' இல்லை என்றால் படிவத்தின் முடிவுக்கே தாண்டும்படி 'ஜம்ப்' வைக்கலாம். கையெழுத்துத் தாள் தனி. அதற்கு இந்தச் செயலி மாற்று இல்லை. தமிழில் ஒரு பிரதி போதும் என்று நினைக்க வேண்டாம். விளவங்கோடு பக்கமிருந்து, குறிப்பாகக் களியக்காவிளை வட்டாரத்திலிருந்து வரும் பலருக்கு மலையாளத்தில்தான் வாசிப்புப் பழக்கம். எத்திக்ஸ் கமிட்டிக்கு (ஆய்வு நெறிமுறைக் குழு) கொடுக்கும்போதே இரண்டு மொழியிலும் கொடுத்துவிட்டால் பிறகு திருத்தம் கேட்டு அலைய வேண்டாம்.

அடுத்தது ஆய்வு எண். பெயரோ ஐபி நம்பரோ (உள்நோயாளி எண்) போனுக்குள் போகவே கூடாது. துறைக்கு மூன்றெழுத்து, ஒரு கோடு, மூன்று இலக்கம் என்று ஓர் எண்முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவத்தில் இல்லாத எதையும் ஏற்காதபடி செயலியில் கட்டுப்பாடு வைக்கலாம். ஒரே எண் இரண்டு முறை வராதபடி 'யுனிக்' என்றும் குறிக்கலாம். எந்த எண் எந்த நோயாளி என்பது ஒரு தாள் ரிஜிஸ்டரில், பூட்டிய பீரோவில் இருக்கட்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நெட் இல்லாதபோது, இன்னொருவரின் போனில் என்ன எண் ஏறியிருக்கிறது என்று உங்கள் போனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் 014 என்று போட்டுவிட்டால், இரண்டாவதாக அப்லோட் செய்பவருக்குத்தான் தகராறு வரும். அதனால் எண்களை முதலிலேயே பங்கிட்டுவிடுங்கள். மொத்தம் எத்தனை எண் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஒரு நோயின் விகிதம் ஏறக்குறைய 50% என்று எடுத்துக்கொண்டு, 10% துல்லியத்தில், 95% நம்பக அளவில் கணக்கிட்டால் 96 பேர் தேவை. பத்து சதவீதம் பேர் விட்டுப்போவார்கள் என்று சேர்த்தால் 107. ஒரு போனுக்கு 001 முதல் 060 வரை, இன்னொன்றுக்கு 061 முதல் 120 வரை என்று கொடுத்துவிட்டால் மோதலே வராது.

எண்கள் கெடும் இடங்கள்

இந்தச் செயலியின் நிஜமான பலம் எண்களுக்கு எல்லை வைப்பதில் இருக்கிறது. அதன் நிஜமான ஆபத்தும் அங்கேதான்.

ஹீமோகுளோபினுக்குக் குறைந்தபட்சம் 5, அதிகபட்சம் 16 என்று வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரத்தசோகை முற்றிய ஒரு கர்ப்பிணிக்கு 3.8 வருகிறது. போன் ஏற்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கும் சிஆர்ஆர்ஐ (பயிற்சி மருத்துவர்) என்ன செய்வார்? 5 என்று போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். உங்கள் ஆய்வின் மிக முக்கியமான நோயாளி அங்கேயே காணாமல் போகிறார். எல்லை என்பது நார்மல் அளவின் எல்லை அல்ல, உயிரோடு இருக்கும் உடம்பில் வரக்கூடிய அளவின் எல்லை. ஹீமோகுளோபினுக்கு 2 முதல் 22 வரை தாராளமாக விடுங்கள். தசமப்புள்ளி விட்டுப்போய் 110 என்று விழும் தவறை அது பிடித்துக்கொள்ளும். எல்லையின் வேலை அவ்வளவுதான்.

இதேபோல எல்லாக் கேள்வியையும் 'கட்டாயம்' என்று குறிப்பதும் தவறு. ரிப்போர்ட் வராத பரிசோதனைக்கு எண் கேட்டு அடம்பிடிக்கும் படிவம், பொய் எழுதக் கற்றுக்கொடுக்கும் படிவம். எண்ணுக்கு முன்னால் ஒரு தேர்வுக் கேள்வி வையுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்றால்: 'ஹெச்பிஏ1சி மதிப்பு இருக்கிறதா?' பதில்கள்: இருக்கிறது, டெஸ்ட் எழுதவில்லை, ரிப்போர்ட் வரவில்லை, லேபில் ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) இல்லை, நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். முதல் பதிலுக்கு மட்டும் எண் கேட்கட்டும், மற்றவற்றுக்குத் தாண்டிவிடட்டும். பிறகு பார்த்தால், ஏன் இல்லை என்ற விவரமே ஒரு முடிவாக நிற்கும். ரீஏஜென்ட் தீர்ந்த மாதத்தில் சேர்ந்த நோயாளிகள் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது ஒரு வகை. வீட்டில் பணமில்லாமல் அவசரமாகக் கிளம்பியவர்கள் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது முற்றிலும் வேறு வகை. வெற்றுக் கட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ரத்த அழுத்தத்தை '120/80' என்று ஒரே கட்டத்தில் வாங்காதீர்கள், இரண்டு முழு எண் கேள்விகளாகப் பிரியுங்கள். கர்ப்ப காலம் என்றால் வாரம் ஒரு கேள்வி, நாள் ஒரு கேள்வி. நாளுக்கு 0 முதல் 6 வரை மட்டும். பிறந்த குழந்தையின் எடையைக் கிராமில், முழு எண்ணாக வாங்குங்கள். கிலோவா கிராமா என்று சொல்லாமல் விட்டால் 2.8-ம் 2800-ம் ஒரே பத்தியில் (நெடுவரிசை) வந்து நிற்கும்.

கண் துறைக்குத் தனி எச்சரிக்கை. பார்வைத் திறனை 6/12 என்று பதிந்தால் எபிகலெக்ட்டில் சரியாகவே இருக்கும். சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்தவுடன் அது டிசம்பர் 6-ஆம் தேதியாகிவிடும். சேமித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. பார்வையை ஒரே எண்ணாகச் சொல்லும் லாக்மார் மதிப்பாகவே பதியலாம்: 6/6 என்றால் 0.0, 6/12 என்றால் 0.3, 6/60 என்றால் 1.0. அல்லது பதிலை 'ஆறின் கீழ் பன்னிரண்டு' என்று எழுத்தில் வைத்து, செயலியின் 'மேப்பிங்' பகுதியில் அதற்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்துவிடலாம். இந்த மேப்பிங் வசதியைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழில் கேட்ட கேள்விக்குக் கீழே, இறக்கும் கோப்பில் சுருக்கமான பத்திப் பெயரும் 'ஆம்' என்பதற்கு 1, 'இல்லை' என்பதற்கு 0 என்றும் தானாக வரும்படி ஒருமுறை அமைத்தால், புள்ளியியலாளரிடம் கோப்பைக் கொடுக்கும்போது ஒரு வாரம் மிச்சம்.

தேதியிலும் இதே கதைதான். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 என்பது மே 8 ஆகிவிடும், 25/08 வெறும் எழுத்தாக நிற்கும். கோப்பை நேராகத் திறக்காமல், எக்செல்லின் 'இம்போர்ட்' வழியாகப் பத்தி பத்தியாக வகை சொல்லித் திறப்பதே பாதுகாப்பு.

'செக்பாக்ஸ்' வகைக் கேள்வியை முடிந்தவரை தவிருங்கள். சுகர், பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா என்று ஒரே கேள்வியில் டிக் அடிக்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கும்போது எல்லாப் பதிலும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிரிக்க ஒரு நாள் ஆகும். தவிர, டிக் இல்லாவிட்டால் 'இல்லை' என்று பொருளா, 'கேட்கவே இல்லை' என்று பொருளா என்பதும் தெரியாது. நோய்க்கு ஒரு ஆம்/இல்லை கேள்வி என்று வைத்தால் கூடுதலாக ஆகும் நேரம் அரை நிமிடம்தான்.

பாம்புக்கடிப் படிவம்: நெருங்கிப் பார்த்தால்

குமரி மாவட்டத்தில் பொது மருத்துவத் துறை எடுக்கும் ஆய்வுகளில் இந்தச் செயலிக்கு மிகவும் பொருந்துவது பாம்புக்கடி. அதிகாலையிலேயே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கும் ஊர். விவரம் எல்லாம் முதல் சில மணி நேரத்துக்குள் கிடைக்கும். அந்த நேரத்தில் தாளைத் தேட யாருக்கும் கை ஓயாது.

கடித்த நேரம், மருத்துவமனை வந்த நேரம், முதல் ஏஎஸ்வி (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏற்றிய நேரம். இம்மூன்றுக்கும் தேதியும் நேரமும் தனித்தனியாக வாங்க வேண்டும். நேரம் மட்டும் வாங்கினால், இரவு 11.40-க்குக் கடிபட்டு 1.10-க்கு மருந்து ஏற்றியவருக்குக் கழித்தல் கணக்கு மைனஸில் வரும். எபிகலெக்ட்5 தானாகக் கணக்குப் போடாது, இடைவெளியைப் பிறகு கோப்பில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் மூலத் தகவல் முழுதாக இருப்பது அவசியம்.

20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை வெறும் 'உறைந்தது, உறையவில்லை' என்று வாங்குவது போதாது. இரண்டு மில்லி புது ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பதுதான் முறை. குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தாலோ, பிளாஸ்டிக் குழாயில் எடுத்திருந்தாலோ விஷமே ஏறாதவரின் ரத்தமும் உறையாமல் நிற்கும். அவருக்குத் தேவையில்லாமல் ஏஎஸ்வி போகும், உங்கள் ஆய்விலும் அவர் விஷம் ஏறியவராகப் பதிவாவார். 'குழாய் எந்த வகை? புதியதா, கழுவியதா?' என்று இரண்டு தேர்வுக் கேள்விகள் சேர்த்தால், பிறகு சந்தேகப்பட்ட பதிவுகளைத் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

பாம்பின் வகைக்கு நான்கு பெயர் மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்தியாவில் தயாராகும் ஏஎஸ்வி இந்த நான்குக்குத்தான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பர் என்ற விரியனும் இருக்கிறது; அதன் விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்வதில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லாவிட்டால் யாராவது 'சுருட்டை' என்று குறித்துவிடுவார்கள். பிறகு 'இத்தனை குப்பி மருந்து ஏற்றியும் உறைவு திரும்பவில்லை' என்ற முடிவு புரியாமல் நிற்கும். அந்தப் பாம்புக்கு ஒரு பதில், 'தெரியவில்லை' என்று ஒரு பதில், 'பாம்பை நேரில் பார்த்தோ படம் பார்த்தோ சொன்னதா, நோயாளி சொன்னதா' என்று இன்னொரு கேள்வி. இவை மூன்றும் கட்டாயம் வேண்டும்.

கேள்வியை எந்தத் தமிழில் கேட்பது

படிவத்தைத் தமிழில் எழுதலாம், எழுத்து எங்கும் உடைவதில்லை. ஆனால் ஒரே படிவத்தை ஒரு பட்டனில் தமிழ், மலையாளம் என்று மாற்றும் வசதி இல்லை. மொழிக்கு ஒரு பிராஜெக்ட் என்று நகலெடுத்து வைக்க வேண்டியதுதான். பிறகு இரண்டு கோப்புகளை ஒட்டும்போது பத்திப் பெயர்கள் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதால், மேற்சொன்ன மேப்பிங்கை இரண்டிலும் ஒரே மாதிரி அமையுங்கள்.

'தாங்கள் புகைபிடிக்கும் பழக்கம் உடையவரா?' என்று படிவத்தில் எழுதினால், கேட்பவர் அதை அப்படியே வாசிக்கப் போவதில்லை. ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்பார்கள். கேட்க வேண்டிய வாசகத்தையே எழுதிவிடுங்கள்: 'பாட்டா, பீடி குடிப்பீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை வருஷமா?' பலர் கட்டுக் கணக்கில்தான் பதில் சொல்வார்கள். ஒரு கட்டில் எத்தனை பீடி என்று அடுத்த கேள்வி வந்தால்தான் எண் கிடைக்கும். விட்டவர்களுக்கு 'எப்போது விட்டீங்க' என்பதும் வேண்டும். நெஞ்சுவலி வந்து போன வாரம் விட்டவரைப் 'புகைக்காதவர்' பட்டியலில் சேர்த்தால் இதயநோய் ஆய்வே தலைகீழாகிவிடும்.

உணவுக் கேள்வியில் 'மரவள்ளி' என்று போடாதீர்கள், 'மரச்சீனி' என்று போடுங்கள். மீனைப் பொதுவாகக் கேட்காமல் சாளை, நெத்திலி, சூரை, கருவாடு என்று பிரித்துக் கேட்டால்தான் உப்பின் கணக்கும் கொழுப்பின் கணக்கும் பிடிபடும். இந்த மண்ணில் உணவும் நோயும் பற்றிய ஆராய்ச்சிக்குப் பழைய வேர் இருக்கிறது. 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் சாமர்வெல் 1920-களிலிருந்து வேலை பார்த்தார். தென் திருவிதாங்கூரில் அதிகம் கண்ட வயிற்றுப் புண்ணுக்கு அவரும் உடன் இருந்தவர்களும் ஏராளமான அறுவை சிகிச்சை செய்து, அந்த அனுபவத்தை மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் சந்தேகம் உணவின் மேல் விழுந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டியது 1982-இல்தான். நாம் இன்று கேட்காமல் விடும் ஒரு கேள்விதான் நாளைக்கு விடையாக வந்து நிற்கும். அதே நேரம் நினைத்ததையெல்லாம் கேட்டால் படிவம் தாங்காது. இந்த இழுபறிக்குத் தீர்வு முந்தைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதில் இருக்கிறது, செயலியில் இல்லை.

முகவரியில் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'லொகேஷன்' கேள்வி வீட்டையே காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவமனை ஆய்வுக்கு அது தேவையே இல்லை. இடம் முக்கியமான ஆய்வு என்றால், உதாரணமாக மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள மணவாளக்குறிச்சிக் கடலோரம் பற்றியது என்றால், 'எத்தனை வருடமாக அந்த ஊரில் குடியிருக்கிறீர்கள், திருமணத்துக்கு முன் எந்த ஊர்' என்ற கேள்விகள் வரைபடப் புள்ளியைவிட அதிகம் சொல்லும்.

கைவிடும் இடங்கள்

ஜம்ப் வசதி முன்னோக்கி மட்டும்தான் வேலை செய்யும். அதுவும் தேர்வு வகைக் கேள்வியின் பதிலை வைத்துத்தான். வயது 15-க்கு மேல் 49-க்குள், அத்துடன் பெண் என்று இரண்டு நிபந்தனையைச் சேர்த்துக் கர்ப்பம் பற்றிக் கேட்க முடியாது. எண்ணைப் பார்த்துத் தாண்டவும் முடியாது. 'குழந்தைபேற்று வயதுப் பெண்ணா?' என்று தனியாக ஒரு கேள்வி வைத்துச் சமாளிக்க வேண்டும். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு), பேக்-இயர் (புகைத்த அளவின் கணக்கு), மதிப்பெண் கூட்டல் எதையும் கணக்கிடாது. எடையும் உயரமும் மட்டும் வாங்கி, கணக்கை எக்செல்லில் போடுங்கள். சிஆர்ஆர்ஐயின் மனக்கணக்கில் பிஎம்ஐ எழுத வைப்பது தவறுக்கு வழி.

தோல் துறையும் சர்க்கரைப் புண் பார்க்கும் அறுவைத் துறையும் புகைப்பட வசதியால் ஈர்க்கப்படுவது இயல்பு. படம் சிறிதாக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படும். புண் இருந்தது என்பதற்குச் சாட்சியாகப் போதும். எல்லையை அளக்கவோ மெல்லிய செதிலைப் பார்க்கவோ போதாது. புண்ணின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் கையால் அளந்து எண்ணாகப் பதியுங்கள். படத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். முகம், பச்சை குத்திய பெயர், கட்டிலில் மாட்டிய ஐபி அட்டை ஆகியவை சட்டகத்துக்குள் வரக் கூடாது.

பலமுறை வந்து பார்க்கும் ஆய்வுகளுக்குத் தாய்ப்படிவம், சேய்ப்படிவம் என்ற அமைப்பு இருக்கிறது. ஐந்து அடுக்கு வரை போகலாம். நோயாளி முதல் படிவம், ஒவ்வொரு வருகையும் இரண்டாம் படிவம். நல்ல அமைப்புதான். ஆனால் முதல் வருகையைப் பதிந்த போன் வேறு, மூன்றாம் மாத வருகையைப் பதியும் போன் வேறு என்றால், சர்வரில் இருக்கும் பதிவுகளை முதலில் போனுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு நெட் வேண்டும், உரிமையும் வேண்டும். சாதாரண 'கலெக்டர்' உரிமை உள்ளவருக்குத் தன் பதிவுகள் மட்டும்தான் தெரியும். பின்தொடர்தலைப் பார்ப்பவருக்குக் 'கியூரேட்டர்' உரிமை கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் அதே நோயாளியைப் புதியவராக இன்னொரு முறை சேர்த்துவிடுவார்.

பின்தொடர்தலில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் சேரும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் ஒருமுறை கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. 'முப்பதாம் நாள், முன்பின் ஏழு நாள்' என்று கறாராக வைத்தால் ஆண்களில் ஒரு பிரிவே விட்டுப்போகும். முடிவு பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் பொருந்துவதாகிவிடும். வருகை நாளின் அசல் தேதியைப் பதிந்து, கால இடைவெளியைக் கணக்கில் எடுக்கும் பகுப்பாய்வைத் திட்டமிடுவது நல்லது. வீட்டில் யாரிடமாவது போனில் கேட்டுப் பதிந்தால் அது 'நேரில்' அல்ல, 'போனில்' என்று குறிக்க ஒரு கேள்வி இருக்கட்டும்.

மிகப் பெரிய குறை: யார், எப்போது, எந்தப் பதிலை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற வரலாறு கிடைப்பதில்லை. ஆகவே புது மருந்துச் சோதனைக்கு இதைத் தொடவே கூடாது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின் கீழ் வரும் ஆய்வுக்கு மாற்றங்களின் தடம் இருக்கும் அமைப்பு வேண்டும். அதற்கு ரெட்கேப் என்ற தரவுப் பதிவு மென்பொருள் இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கணக்கிடும், தடம் வைக்கும், அடையாளங்களை நீக்கிக் கோப்புத் தரும். லாபநோக்கற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவனம் ஒப்பந்தம் போட வேண்டும், சர்வர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். தனி ஒரு பிஜி நினைத்தால் நடக்காது, கல்லூரி நினைத்தால் நடக்கும். நடந்தால் மாவட்டத்துக்கே நல்லது. கணக்கிடுதலும் பல மொழியும் மட்டும்தான் தேவை என்றால் கோபோ டூல்பாக்ஸ் என்ற இன்னொரு தரவு சேகரிப்புக் கருவியைப் பாருங்கள். படிவம் கட்டக் கற்பதற்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாகும்.

சிகிச்சையை ஒப்பிடும் எந்த ஆய்வானாலும், தீசிஸாகவே இருந்தாலும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐயில் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே முன்கூட்டிய பதிவு மட்டும்தான் ஏற்கப்படுகிறது. படிவத்தின் கேள்விகளும் அங்கே எழுதிய முதன்மை விளைவும் பொருந்துகின்றனவா என்று அப்போதே சரிபாருங்கள். எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தில், தரவு நிறுவனத்துக்கு வெளியே உள்ள சர்வரில் இருக்கும் என்பதையும், பெயர் ஏறாது என்பதையும், யார் யாருக்கு என்ன உரிமை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் ரகசியம் காப்பது பற்றிக் கேட்பது இதைத்தான். பிராஜெக்ட் 'பிரைவேட்' நிலையில் இருக்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள். 'பப்ளிக்' என்றால் உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

துறைவாரியாக எங்கள் தீர்ப்பு

பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள் துறைகளில் ஒருமுறை பார்த்துப் பதியும் ஆய்வுக்கு ஐந்துக்கு நாலரை. சமூக மருத்துவத் துறையின் வீடுவீடான கணக்கெடுப்புக்கு முழு ஐந்து. செயலி அதற்காகவே பிறந்தது. அறுவை, எலும்பு மருத்துவத் துறைகளில் மாதக்கணக்கில் பின்தொடர வேண்டிய ஆய்வுக்கு மூன்று. கண் துறைக்கு, மேற்சொன்ன குறியீட்டு வேலையைச் செய்தால் நான்கு. செய்யாவிட்டால் தாளே மேல். தோலுக்கு மூன்றரை. மருந்துச் சோதனைக்குப் பூஜ்யம்.

தொடங்கும் முன்னும் மூடும் போதும்

படிவம் தயாரானதும் பழைய கேஸ் ஷீட் ஐந்தை எடுத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பதியுங்கள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. இரண்டு கோப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்தக் கேள்வி குழப்புகிறது என்று தெரிந்துவிடும். புண்ணின் தரம், வலியின் அளவு போன்றவற்றில்தான் பெரும்பாலும் வேறுபடும். அந்தக் கேள்விகளுக்கு மேலேயே 'ரீட்மி' (படிக்க மட்டும் உள்ள குறிப்பு) வகையில் விளக்கத்தை வைத்துவிடலாம்: சர்க்கரைப் புண்ணுக்கான வேக்னர் தரம் 2 என்றால் தசைநாண், மூட்டு உறை அல்லது எலும்பு வரை ஆழம், சீழ்க்கட்டி இல்லை, 3 என்றால் சீழ்க்கட்டியோ எலும்புச் சீழோ உண்டு என்பது போல. இதெல்லாம் முதல் நோயாளிக்கு முன் நடக்க வேண்டும். பதிவு தொடங்கிய பிறகு கேள்வியை அழிக்கவோ பதில் பட்டியலை மாற்றவோ வேண்டாம். சேர்க்கலாம், ஆனால் சேர்த்த அன்றே எல்லாப் போனிலும் பிராஜெக்ட்டை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். பழைய வடிவத்தோடு நிற்கும் போன் அப்லோட்டில் மறுக்கும்.

சிஆர்ஆர்ஐ போஸ்டிங் மாறும் மாதக் கடைசிதான் தரவு அதிகம் தொலையும் நாள். அப்லோட் ஆகாத பதிவுகள் அவர்கள் போனுக்குள்ளேயே இருக்கும். போனை மாற்றினாலும் செயலியை நீக்கினாலும் அத்தோடு போச்சு. பாதியில் விட்ட பதிவுகள் அப்லோட் செய்தாலும் போகாமல் தங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணிக்கையையும் சர்வரில் உள்ள எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒருவர் கையெழுத்துப் போடட்டும். இரண்டும் ஒத்துவராத வாரம், யாருடைய போன் என்று அன்றே கேட்டுவிடலாம்.

ஆய்வு முடிந்ததும் எல்லாப் போனிலிருந்தும் கடைசி அப்லோட் முடிந்ததா என்று பார்த்து, பிராஜெக்ட்டை 'லாக்' நிலைக்கு மாற்றுங்கள். அதற்குமேல் யாரும் எதுவும் ஏற்ற முடியாது. தாய்ப்படிவமும் சேய்ப்படிவமும் தனித்தனிக் கோப்பாகத்தான் இறங்கும். ஒவ்வொரு பதிவின் அடையாள எண் உள்ள பத்தியை அழிக்காமல் வைத்தால்தான் இரண்டையும் கோக்க முடியும். மூலக் கோப்பைத் திறக்காமல் ஒரு பிரதி துறையிலும், இன்னொரு பிரதி கைடிடமும் (தீசிஸ் வழிகாட்டி) இருக்கட்டும். திருத்தமெல்லாம் மூன்றாவது பிரதியில் செய்து, என்ன திருத்தினோம் என்று தனி ஷீட்டில் வரிவரியாக எழுதி வையுங்கள். அந்த ஷீட்டைக் கைடு பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் போன்களில் இருக்கும் பதிவுகளை நீக்க வேண்டும்.